பஸ்ஸர் மேல் வைத்த கை

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யருக்கு ஐம்பத்திரண்டு. சிஷ்யர் குருவை மேடம் என்பார், குரு சிஷ்யரை சார் என்பார். இப்படி மரியாதை கொடுத்தே இரண்டு பேரும் ஒரு வருஷத்தை ஓட்டினார்கள்.

மடம் கிடையாது, ஆசிரமம் கிடையாது. திண்டுக்கல்லில் ஒரு சிமெண்ட் கோர்ட். இரண்டு பக்கமும் துருப்பிடித்த கம்பம், கம்பத்தில் வளையம். நடுக்கோட்டுக்கு நேரே வெளியே ஒரு மேஜை. அந்த மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. நான் டைம் கீப்பர். பந்து ஓடினால் கடிகாரத்தை ஓட விடுவேன், விசில் கேட்டால் நிறுத்துவேன். இருபது வருஷமாக இதுதான். வாயைத் திறக்கிற வேலை இல்லை என்பதால் காது நன்றாக வேலை செய்யும்.

குருவின் பெயர் பிலோமினா. மின்வாரிய அலுவலகத்தில் கிளார்க். சனி, ஞாயிறு ஆனால் பாஸ்கெட்பால் ரெபரி. அவர் விசில் அடித்தால் அடித்ததுதான். கலெக்டரே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டார்.

சிஷ்யர் தவமணி. பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. வாத்தியார். பதினெட்டு வருஷம் பாஸ்கெட்பால் கோச்சாக இருந்தவர், ஒரே மேட்சில் விட்டுவிட்டார்.

அந்த மேட்சை நான் பார்க்கவில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குப் பழனி போயிருந்தேன். மேஜையில் அன்றைக்கு உட்கார்ந்தவர்கள் மதுரைக்காரர்கள். அதனால் தவமணி சார் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு சொல் கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மாவட்ட அரையிறுதி. கடைசி மூன்று நிமிஷம். சாருடைய டீம் நாலு பாயிண்ட் பின்னால். டீமில் பெரிய கை பாண்டிமீனா, பதினேழு வயசு. அவள் வலது காலை நொண்ட ஆரம்பித்தாள். சார் மேஜைக்கு ஓடினார். ஒரு கையைப் படுக்க வைத்து, அதன் அடியில் மற்றக் கை விரலை நிமிர்த்தி, ஒரு நிமிஷம் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி டைம் அவுட் கேட்டார்.

எங்கள் விளையாட்டில் கேட்ட உடனே கிடைத்துவிடாது. பந்து வெளியே போக வேண்டும், இல்லை பவுல் விசில் விழ வேண்டும், இல்லை எதிராளி பாஸ்கெட் போட வேண்டும். அப்போதுதான் மேஜையில் பஸ்ஸரை அழுத்திச் சத்தம் கொடுக்கலாம். அதுவரை கேட்டவர் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

நாற்பது விநாடி பந்து வெளியே போகவே இல்லை. நடுவில் ஒரு பாஸ்கெட் விழுந்தது. போட்டது பாண்டிமீனா, அதுவும் நொண்டிக்கொண்டே. பாஸ்கெட் வாங்கினவர்களுக்குத்தான் டைம் அவுட், போட்டவர்களுக்குக் கிடையாது. அடுத்து வளையத்தில் பட்டுத் திரும்பின பந்துக்கு அவள் குதித்தாள். இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. அந்தச் சத்தம் மேஜை வரைக்கும் கேட்டது என்பார் சார்.

விசில் அடித்து முதலில் ஓடி வந்தது பிலோமினா மேடம். அந்த மேட்சுக்கு ரெபரி அவர்தான். சார் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

மாநில அணி போச்சு. விளையாட்டுக் கோட்டாவில் கிடைக்க வேண்டிய காலேஜ் சீட்டும் போச்சு. இப்போது பாண்டிமீனா வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லில் இருக்கிறாள். ரொம்ப நேரம் நிற்க முடியாது என்பதால் உட்கார்ந்து நூல் பார்க்கிற வேலை.

தவமணி சார் சங்கத்துக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினார். விதிப்படி சரி என்று மூன்று வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் பிலோமினா மேடத்தைத் தேடிப் போனார். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை. மேடம் சர்ச் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"உக்காருங்க சார்."

"நின்னுக்கிறேன் மேடம். டேபிள் வேலை கத்துக்கலாம்னு வந்தேன்."

"பதினெட்டு வருஷம் கோச்சா இருந்தவர் நீங்க. இனிமே என்ன கத்துக்கணும்?"

"டைம் அவுட் எப்பக் குடுக்கணும்னு."

மேடம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். சார் குடித்து முடித்த டம்ளரை வாங்கி வைத்தார்.

"கேட்டாக் குடுக்கணும்" என்றார். "கோச்சே வரணும். தன் கையால காட்டி, தன் வாயால கேக்கணும். பிளேயர் கேட்டாக் கிடையாது. ஊர் பூராக் கூடிக் கத்துனாலும் கிடையாது. பார்க்கப் பாவமா இருக்கேன்னு நாமளா எடுத்துக் குடுக்கக் கூடாது. இது முதல் பாடம்."

"இது எனக்குத் தெரியும் மேடம்."

"தெரியும்ல. அதையே நல்லாப் பிடிச்சுக்கங்க."

தெருவுக்கு வந்ததும் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தியாய்யா? பிடியே குடுக்கலை."

"என்ன பிடி சார்?"

"அந்தம்மா வாயால ஒரே ஒரு வார்த்தை வரணும். 'அன்னைக்குக் குடுத்திருக்கலாம் சார்'னு. அது போதும் எனக்கு. அதை எடுத்துக்கிட்டு வேடசந்தூர் போயிருவேன். பாண்டிமீனா முன்னாடி நின்னு, 'இந்தா பாரும்மா, தப்பு இங்கதான் நடந்துச்சு'ன்னு சொல்லிருவேன்."

"சொல்லலைன்னா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

நாலு தடவை பஸ் ஏறியிருக்கிறார். மூன்று தடவை பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டார். நாலாவது தடவை மில் கேட் வரைக்கும் போனார். ஷிப்ட் விட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாண்டிமீனா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். அதைப் பார்த்ததும் சார் டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஒளிஞ்சுக்கிட்டேன்யா" என்று என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

மேடம் அவரை மேஜையில் உட்கார வைத்தார். ஆனால் பஸ்ஸருக்கு ஒயர் கொடுக்கவில்லை. பயிற்சி ஆட்டம் நடக்கும், கோச்சுகள் கேட்பார்கள், சார் அந்தச் சத்தமில்லாத பஸ்ஸரை அழுத்த வேண்டும். சரியான நேரத்தில் அழுத்தினாரா என்று பக்கத்திலிருந்து நான் குறித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு இது தேவையில்லாத தொல்லை.

சார் எப்போதும் முந்திவிடுவார். கோச் நாற்காலியை விட்டு எழுந்தாலே இவர் கை போய்விடும்.

"சார், அவர் தண்ணி பாட்டில் எடுக்க எந்திரிச்சாரு."

"கேக்கிற மாதிரி இருந்துச்சுய்யா."

"உங்களுக்கு எல்லாரும் கேக்கிற மாதிரிதான் இருக்கும்."

மாலையில் குறிப்பை மேடத்திடம் கொடுப்பேன். அவர் பார்ப்பார், மடித்துப் பையில் வைப்பார். திட்ட மாட்டார். திட்டியிருந்தால்கூட சாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வாரம் தவறாமல் ஒரு சந்தேகத்தோடு வருவார் சார். சுற்றிச் சுற்றி அதே சந்தேகம்தான்.

"மேடம், பிளேயருக்கு அடிபட்டா?"

"கீழ விழுந்தா விசில் அடிச்சு நிப்பாட்டிருவேன். பந்து எங்க இருந்தாலும் சரி."

"விழறதுக்கு முன்னாடி?"

"விழறதுக்கு முன்னாடி எனக்கு எப்படித் தெரியும் சார்? அந்தப் புள்ளைய நான் அன்னைக்குத்தான் பார்க்கிறேன். கூட இருந்து வளர்த்த கோச்சுக்குத்தான் தெரியும்."

சார் அந்த வாரம் மேற்கொண்டு கேட்கவில்லை.

இன்னொரு வாரம், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோகும் வழியில் கேட்டார்.

"மேடம், மனசு இளகிக் குடுத்ததே இல்லையா நீங்க?"

"ஒரு தடவை குடுத்தேன்."

சார் நின்றுவிட்டார். நானும் நின்றேன்.

"கரூர்ல. புதுசா விசில் பிடிச்ச காலம். ஒரு கோச்சம்மா கண்ணுல தண்ணியோட டேபிள்ல நின்னு கேட்டாங்க. பந்து ஓடிக்கிட்டு இருக்கு. எனக்குப் பொறுக்கலை. விசில் அடிச்சு நிப்பாட்டிட்டேன். அந்த நேரத்துல எதிர் டீம் புள்ள ஒருத்தி பந்தைப் பறிச்சுக்கிட்டுத் தனியா ஓடியிருக்கா. நான் பார்க்கலை. அவ ரிங்குக்கு அடியில போய் நின்னு, கையில பந்தோட என்னையத் திரும்பிப் பார்த்தா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அந்தப் புள்ளையோட டீம் ஒரு பாயிண்ட்ல தோத்துச்சு."

பஸ் வந்தது. மேடம் ஏறிக்கொண்டார்.

"பார்த்தியா, குடுத்திருக்கு" என்றார் சார். "கரூர்ல குடுத்த ஆளு திண்டுக்கல்ல ஏன் குடுக்கலை?"

அவருக்கு அந்தக் கதையிலிருந்து கிடைத்தது அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை மதியம் பிள்ளைகள் யாரும் வரவில்லை. கோர்ட்டில் அங்கங்கே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நாங்கள் மூன்று பேர்தான் ஷெட்டுக்குள் நின்றோம்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"கோச் கேட்டுக்கிட்டே நிக்கிறார். நியாயமான காரணம்தான். பந்து மட்டும் நிக்கமாட்டேங்குது. அவர் என்னதான் செய்யணும்?"

மேடம் மூலையில் கிடந்த பந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நடு வட்டத்தில் போய் நிற்கச் சொன்னார். சார் போய் நின்றார். மேடம் மேஜைப் பக்கம் நின்றுகொண்டார்.

"இப்பக் கேளுங்க."

"டைம் அவுட்."

மேடம் பேசவில்லை.

"டைம் அவுட், மேடம்."

தூறல் மழையாகிவிட்டது. சாருக்குச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. மேடமும் நனைந்துகொண்டுதான் நின்றார். நான் மட்டும் ஷெட்டுக்குள் இருந்தேன். பைத்தியக்கார ஜோடி என்று நினைத்துக்கொண்டேன்.

"எவ்வளவு நேரம் மேடம் இப்படி நிக்கிறது?"

"பந்து யார் கையில சார் இருக்கு?"

"என் கையில."

"அப்ப என்னையக் கேட்டா?"

சார் பந்தைப் பார்த்தார். கீழே போடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பந்தோடு ஷெட்டுக்குத் திரும்பி வந்தார். நாலு நாள் காய்ச்சல்.

"மழையில நிக்க வச்சுக் கேலி பண்ணுதுய்யா அந்தம்மா" என்றார் கம்பளிக்குள்ளிருந்து.

"நீங்க எதுக்கு சார் அங்கயே நிக்கிறீங்க? வந்துர வேண்டியதுதானே?"

"அந்த ஒரு வார்த்தை வராம எங்கய்யா வர்றது?"

கார்த்திகையில் மாவட்டப் போட்டி வந்தது. பெண்கள் பிரிவில் மூன்றாம் இடத்துக்கான மேட்ச். முதல் மூன்று டீம்தான் மாநிலப் போட்டிக்குப் போகும், சர்டிபிகேட்டும் அவர்களுக்குத்தான். நாலாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மணப்பாறையிலிருந்து வர வேண்டிய ஸ்கோரர் மழையில் மாட்டிக்கொண்டார். பதினோரு மணிக்கு மேட்ச். மேடம் தவமணி சாரைக் கூப்பிட்டார். தன் கையாலேயே பஸ்ஸருக்கு ஒயரைச் சொருகினார்.

"உக்காருங்க சார். முதல் பாடம் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

சும்மா சொல்லக் கூடாது, கடைசி இரண்டு நிமிஷம் வரைக்கும் சார் சுத்தமாக வேலை பார்த்தார். ஷீட்டில் ஒரு அடித்தல் இல்லை. இரண்டு டீமும் டைம் அவுட் கேட்டார்கள், இரண்டும் சரியான நேரத்தில் கொடுத்தார். பரவாயில்லையே என்று நான்கூட நினைத்தேன்.

ஒன்றரை நிமிஷம் மிச்சம். நத்தம் பக்கத்து ஸ்கூல் ஒரு பாயிண்ட் பின்னால். அதன் கோச் ஷேக் மைதீன், முப்பது வயசுக்காரர். அவர் டீமில் ஏழாம் நம்பர்தான் எல்லாம். அந்தப் பெண் ஒருத்தியோடு மோதிவிட்டு எழுந்து ஓடினாள். மைதீன் மேஜைக்கு வந்தார்.

"சார், டைம் அவுட்." கையாலும் காட்டினார்.

தவமணி சார் பஸ்ஸர் மேல் கையை வைத்தார். பந்து ஓடிக்கொண்டிருந்தது. காத்திருந்தார். எதிர் டீம் கையில் பட்டுப் பந்து வெளியே போனது. மேடம் விசில் அடித்தார், நான் கடிகாரத்தை நிறுத்தினேன். பந்து நத்தம் டீமுக்கு.

எதிர் டீம் பிள்ளைகள் பந்து யார் கையில் பட்டது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். ரிங்குக்கு அடியில் ஆளே இல்லை. மைதீன் அதைப் பார்த்துவிட்டார். இரண்டு கையையும் ஆட்டினார்.

"வேணாம் சார், வேணாம். ஆடட்டும்."

கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பஸ்ஸர் அடிக்கிறவரை கோச்சுக்கு அந்த உரிமை உண்டு.

எனக்குக் காதில் விழுந்தது. சாருக்கும் விழுந்தது. அவர் கை பஸ்ஸரை விட்டு வரவில்லை. அவர் கண் ஏழாம் நம்பர் மேல் இருந்தது. அவள் கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், வேணாங்கிறார்" என்றேன்.

"அந்தப் புள்ள காலைப் பாருய்யா."

அழுத்திவிட்டார். அழுத்தின விரலை எடுக்கவே இல்லை. நான்தான் பிடித்து எடுத்துவிட்டேன்.

எல்லாரும் நின்று மேஜையைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் நடந்து வந்தார்.

"யார் கேட்டது?"

"கோச் கேட்டார் மேடம்."

"நான் வேணாம்னு சொல்லிட்டேன் மேடம்" என்றார் மைதீன். "இவருக்குக் கேட்டுச்சு."

மேடம் சாரைப் பார்த்தார். "சொன்னாரா?"

காதில் விழவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

"சொன்னார் மேடம்."

"அப்புறம் ஏன் அடிச்சீங்க?"

"அந்தப் புள்ள முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு..."

ஏழாம் நம்பர் நிமிர்ந்தாள். "லேஸ் அவுந்துருச்சு சார். கட்டுனேன்."

மேடம் அந்த டைம் அவுட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார். பந்தை மறுபடி நத்தம் டீமுக்கே கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதற்குள் எதிர் டீம் சண்டையை விட்டுவிட்டு அவரவர் இடத்தில் வந்து நின்றுவிட்டது. பாஸை மறித்தார்கள். அந்தப் பக்கம் ஓடிப்போய் பாஸ்கெட் போட்டார்கள். நத்தம் டீம் மூன்று பாயிண்டில் தோற்றது.

ஏழாம் நம்பர் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கட்டின லேஸைத் திரும்ப அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மைதீன் மேஜைக்கு வந்தார். கத்தப்போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் கத்தவில்லை.

"பதினோரு புள்ளைக சார். விடியக்காலை அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுன புள்ளைக. என் ஆட்டத்தை நீங்க எதுக்கு சார் ஆடுனீங்க?"

மைதீன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு மணிக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். மேகம் இறங்கி மறுபடி தூறல் ஆரம்பித்தது. நான் ஸ்கோர்போர்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மேடம் மேஜையில் உட்கார்ந்து சங்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். சார் எதிரே நின்றார்.

"டேபிள் தப்புன்னு உங்க பேரை எழுதியிருக்கேன் சார்."

"எழுதுங்க மேடம்."

"இனி உங்களை உக்கார விடமாட்டாங்க."

"தெரியும்."

அவர் போகவில்லை. மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"டைம் அவுட்டைப் பத்தி இல்ல."

மேடம் பேனாவை மூடி வைத்தார். ஒரு வருஷத்தில் எத்தனையோ சந்தேகம் கேட்டிருக்கிறார் சார். ஒன்றுக்கும் மேடம் பேனாவை மூடினதில்லை.

சார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு... பாண்டிமீனா விழுந்த அன்னைக்கு. நான் டேபிள்ல நின்னு டைம் அவுட் கேட்டேனே, அது உங்க கண்ணுல பட்டுச்சா?"

"பட்டுச்சு சார்."

அவர் முகத்தில் உயிர் வந்தது. இந்த ஒரு பதிலுக்காகத்தானே ஒரு வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்தார். பார்த்தும் கொடுக்கவில்லை என்று ஆகிவிட்டதே.

"பார்த்தீங்கள்ல மேடம்? உங்க கண்ணால பார்த்தீங்கள்ல?"

"ரெண்டு தடவையும் பார்த்தேன்."

என் கையில் ஒயர் அப்படியே நின்றது. ஐம்பது தடவை கேட்ட கதையில் சார் ஒரு தடவைதான் டைம் அவுட் கேட்டிருக்கிறார். இரண்டாவது எங்கிருந்து வந்தது? சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நனைந்து கிடந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

மேடம் குரலை உயர்த்தவில்லை.

"முதல் தடவை நீங்க கேட்டப்ப பந்து வெளிய போயிருந்துச்சு. கடிகாரம் நின்னுருச்சு. டேபிள்ல பஸ்ஸர் மேல கையை வச்சுட்டாங்க. நானும் திரும்பிட்டேன். உங்க புள்ளைக பந்து. ரிங்குக்கு அடியில ஆள் இல்ல. நீங்க ரெண்டு கையையும் ஆட்டி வேணாம்னீங்க."

"ஒரு பாஸ்கெட் மேடம்" என்றார் சார். "ஒரே ஒரு பாஸ்கெட். அதைப் போட்டுட்டு அவளை உக்கார வச்சிருவோம்னு நெனச்சேன்."

"ம்."

"அது விழுகலை. உடனே திரும்ப ஓடி வந்து கேட்டேன். அதுக்குள்ள பந்து ஓட ஆரம்பிச்சுருச்சு."

"ஆமா சார்."

பிறகு சார் கேட்டார். "இது வேற யாருக்கு மேடம் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும்."

"யாருக்கு?"

"பாண்டிமீனாவுக்கு. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உங்களையேதான் பார்த்துக்கிட்டு நின்னா. நீங்க கேட்டதையும் பார்த்தா. கையை ஆட்டுனதையும் பார்த்தா. அப்புறம்தான் ஓட ஆரம்பிச்சா."

சார் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. ஒயரைப் போட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

மேடம் ரிப்போர்ட்டை மடித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். எழுந்தார்.

"ஒரு வருஷமா உங்க பின்னாடியே சுத்துனேன்" என்றார் சார், தரையைப் பார்த்தபடி. "மழையில நின்னேன். தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே மேடம்."

மேடம் பஸ்ஸரின் ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"நீங்க கேக்காம எப்படி சார் குடுக்கிறது?"